மேடு படுத்திருந்த இடம்

விலகிப் போக மூடுபனிக்கே மனம் வராத ஒரு மலையூரில், பள்ளிக்கூட வாசலை ஒட்டிய சாலையில், ஒரு வேகத்தடை மேடு படுத்திருந்தது. அதற்கு வேறு வேலை தெரியாது. படுத்திருப்பதே அதன் வேலை.

தேயிலை மூட்டை ஏற்றி வரும் லாரிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குறவனே, உன்னால என் இடுப்பே போச்சு" என்று திட்டும். நின்று, முனகி, மெல்ல ஏறி இறங்கும். லாரி நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். கனவுக்குள் பெய்யும் தூறலைப் போல அந்தக் காலடிகள் மேட்டுக்குக் கேட்கும்.

அவற்றுள் மிக லேசானது, அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த சுகிர்தாவினுடையது. அவள் அம்மா விடியுமுன்பே கொழுந்து பறிக்கப் போயாக வேண்டும், துணைக்கு ஆளில்லை. "மேட்டுக்கிட்ட வண்டியெல்லாம் நிக்கும், அப்பத் தாண்டிப் போயிரு சாமி. பயமா இருந்தா வீட்டுலயே இரு, தம்பியப் பாத்துக்க" என்று சொல்லியிருந்தாள். ஆக, அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த மேட்டின் முதுகில் இருந்தது.

ஒரு நாள் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பேனர் ஏறியது. பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வழங்க ஒரு பெரியவர் வருகிறாராம். மாணவர்களின் காவலர் என்று தன்மேல் இருந்த முகத்தை அது ஊருக்கு அறிமுகப்படுத்தியது. காவலரின் கார் குலுங்கக் கூடாதென்று, அவர் வரவிருந்த நாளின் மதியமே ஆட்கள் கடப்பாறையோடு வந்து மேட்டைப் பெயர்த்துச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டினார்கள். காவலர் வந்தார், பை கொடுத்தார், குலுங்காமல் போனார். பேனர் யாருடைய ஆட்டுக்கொட்டகைக்கோ கூரையாகி, பிறந்ததிலிருந்து முதன்முறையாக உபயோகப்பட்டது.

மறுநாள் காலை, பள்ளத்தில் சரளையாய்க் கிடந்த மேடு மூடுபனியிடம், சுகிர்தா வந்தாளா என்று கேட்டது.

வந்திருந்தாள். புதுப்பையோடு ஓரத்தில் நின்றாள். ஒரு ஜீப் பறந்தது. ஒரு வேன் பறந்தது. காலை எடுத்து வைப்பதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தவள், வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"நான் கொஞ்சம் அடர்ந்து பார்க்கட்டுமா? வண்டிகள் தயங்கும்" என்றது மூடுபனி.

"வெயில் வந்ததும் நீ போய்விடுவாய். அவள் நாளைக்கும் வர வேண்டியவள்" என்றது சரளை.

அப்போதுதான் லாரி வந்தது. மேடு இருந்த இடத்தில், வழவழவென்று கிடந்த வெறும் சாலையில், முனகிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த பேருந்து எரிச்சலோடு ஒலி எழுப்பி, அங்கேதான் ஒன்றுமில்லையே, எதற்கு நிற்கிறாய் என்று கேட்டது.

லாரிக்கே விளங்கவில்லை. முன்கண்ணாடி வழியே பார்த்தது. பாதி திரும்பியிருந்த சிறுமி, பனிக்குள் மிதப்பவள் போலச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு யாரு சொன்னா?" என்றது லாரி. "இத்தனை வருஷமா அவன் இங்கதான் படுத்திருக்கான். பேசாம நில்லு."