துகளுக்கு டி.சி. கொடுத்த கதை

கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு கல்லூரி உண்டு. பெயரைச் சொன்னால் கேஸ் போடுவார்கள், அதனால் வேண்டாம். அங்கே இயற்பியல் துறையில் பேராசிரியர் ஞானசிகாமணியும், அவரிடம் ஆராய்ச்சி செய்ய தளவாய், இசக்கியப்பன், ஆவுடைநாயகி என்று மூன்று பேரும் இருந்தார்கள். நாலு பேரையும் சேர்த்து நிறுத்தினால் ஒரு ஆளுக்கு வேண்டிய புத்தி தேறும் என்று ஊரில் சொல்வார்கள். நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். தேறாது.

அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. பூமிக்கு அடியில் அணுத் துணுக்குகளை மோதவிட்டுப் படமெடுக்கிற வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வருடம் இடம் தருவதாக அறிவித்தது. எடுக்கிற படங்களில் எப்போதோ ஒன்றில்தான் ஓர் அபூர்வத் துகளின் தடம் விழும். அதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும்படி பழக்கிக் காட்டினால் இடம் உறுதி.

பழக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரித் தாளாளர் தனியாக அறிவித்தார். ஆராய்ச்சிப் பிரிவை இழுத்து மூடிவிட்டு மூன்று பேரையும் அட்மிஷன் பிடிக்க அனுப்பிவிடுவாராம். சித்திரை வெயிலில் வீடு வீடாகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பாக்களிடம் கெஞ்சுகிற வேலை அது. அதற்குப் பயந்துதான் ஆவுடைநாயகி இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டே இருந்தாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் மெர்சி வீடியோவில் வந்து விளக்கினார். நாகர்கோவில்காரர், பொறுமைசாலி. கொஞ்சம் படங்களை விடையோடு காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கச் சொன்னார். மீதிப் படங்களைத் தனியே எடுத்து வைத்து, பழக்கி முடிக்கும்வரை அதற்குக் காட்டவே கூடாது, அவற்றை வைத்துத்தான் கடைசியில் சோதிக்க வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தத் துறையை மிஞ்ச ஆள் கிடையாது.

காட்டக் கூடாத படங்கள் ஒரு பென் டிரைவில் இருந்தன. அதை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டார்கள்.

"மேசையில வைக்கப்பிடாது. கம்ப்யூட்டருக்கு நேர் எதிர்ல இருக்கு" என்றான் தளவாய்.

"அதுல கேமரா வேற இருக்குண்ணே" என்றாள் ஆவுடைநாயகி.

"மைக்கும் இருக்கு. இப்ப நாம பேசுததே அதுக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கும்" என்றான் இசக்கியப்பன்.

உடனே எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் மீதியைப் பேசினார்கள். பென் டிரைவைத் துண்டில் சுற்றி பீரோவில் பூட்டினார்கள். அதோடு விடாமல் கம்ப்யூட்டரையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். அன்று முதல் தளவாய் சுவருக்கும் திரைக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்துதான் ஆராய்ச்சி செய்தான்.

கம்ப்யூட்டர் முதலில் திருதிருவென்று முழித்தது. பிறகு ஒரு சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டது. நூறு படத்தில் ஒன்றில்தான் துகள் இருக்கிறது. எதைக் காட்டினாலும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிடைத்துவிடும். அரசு அலுவலகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

தொண்ணூற்றொன்பதைப் பார்த்ததும் பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் அவர் கையால் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் போன ஒரு மார்க் அவர் நெஞ்சை அறுத்தது. எங்கே போனது என்று பார்க்கச் சொன்னார்.

"துகள் இருக்க படத்துல மட்டுந்தான் சார் தப்பு விடுது. மத்ததுல ஒரு பிழை கிடையாது" என்றான் தளவாய்.

ஞானசிகாமணி இந்தக் கல்லூரிக்கு வருமுன் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர். வருடா வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுகிற பள்ளி. எப்படிக் காட்டினார்கள் என்பது, ஒன்பதாம் வகுப்போடு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அந்த அனுபவம் இப்போது கைகொடுத்தது.

"ரிசல்ட்டைக் கெடுக்கிறவங்களைக் கூட வச்சுக்கிட்டு அழக் கூடாது" என்றார். "அந்தப் படங்களுக்கெல்லாம் டி.சி. கொடுத்துருங்க."

ஆவுடைநாயகிக்கு மட்டும் லேசாக இடித்தது. "சார், நாம தேடுததே அதைத்தான?"

"தேடுறது வேறம்மா. ரிசல்ட்டு வேற."

அவளுக்கு விளங்கிவிட்டது. துகள் இருந்த படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டி.சி. எழுதினாள். விலகும் காரணம்: சொந்த விருப்பம். நடத்தை: நன்று. பேராசிரியர் கையெழுத்துப் போடப் போட, இசக்கியப்பன் அந்தந்தப் படத்தை அழித்தான். பீரோவைத் திறந்து பென் டிரைவில் இருந்தவற்றையும் இதே போல மரியாதையாக வழியனுப்பினார்கள். பிறகு சோதித்தால் நூற்றுக்கு நூறு. தாளாளர் கல்லூரி வாசலில் கம்ப்யூட்டரின் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்.

தேர்வு நாளன்று டாக்டர் மெர்சி வீடியோவில் வந்தார். நூற்றுக்கு நூறு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துகள் இருக்குன்னு அது கண்டுபிடிச்ச படம் ஒண்ணு காட்டுங்க சார்."

"அந்த மாதிரிப் படம் எதையும் நாங்க இங்க வச்சுக்கிறதில்ல மேடம்" என்றார் பேராசிரியர் பெருமையோடு.

மெர்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. இந்தக் கல்லூரிக்கு ஒதுக்கிய இடத்தை நிரப்பாவிட்டால், அடுத்த வருடம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்குமே இடம் கிடையாதாம். கடைசியில், ஒரே ஒருத்தர் வரட்டும், வந்தாவது கற்றுக்கொள்ளட்டும், தகுதியான ஆளை நீங்களே நியாயமாகத் தேர்ந்தெடுத்துச் சாயங்காலத்துக்குள் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

நியாயமாக என்றால் யாரைக் கேட்பது? அந்த அறையில் நூற்றுக்கு நூறு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். மூன்று பேரும் தலை சீவிப் படம் எடுத்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார்கள். தளவாய்க்கு 'இல்லை' என்றது. இசக்கியப்பனுக்கும் 'இல்லை'. ஆவுடைநாயகி பட்டுச்சேலை மாற்றிவந்து இன்னொரு படம் காட்டினாள். அதற்கும் 'இல்லை'.

"நம்மகிட்ட ஒண்ணும் இல்லைங்கறதை எவ்வளவு சரியாச் சொல்லுது பாத்தியா" என்றான் இசக்கியப்பன்.

"அப்ப அதுதான் போகணும்" என்றான் தளவாய்.

மூன்று பேருக்கும் அழுகையாக வந்தது. ஆனாலும் மனசாரத்தான் ஒப்புக்கொண்டார்கள். பேராசிரியர் மெர்சிக்குப் போன் போட்டுக் கம்ப்யூட்டரின் பெயரைச் சொன்னார்.

"வர்றதுக்கு அதுக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா சார்?" என்றார் மெர்சி.

அது நியாயமான கேள்விதான். 'வெளிநாடு போகச் சம்மதமா?' என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படமெடுத்துக் காட்டினார்கள்.

'இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

பேராசிரியர் போனை அப்படியே வைத்துவிட்டார். வெளிநாட்டையே வேண்டாம் என்று சொல்லி நம்மோடு இருக்கிறதே, பெற்ற பிள்ளைகூட இப்படி இருக்காதே என்று அதைத் தடவித் தடவிக் கொடுத்தார். இடம் போனது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் தாளாளர் சொன்னபடியே அட்மிஷன் பிடிக்கும் வேன் கிளம்பியது. மூன்று பேரும் பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜன்னலோர சீட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, கேமரா வெளியே பார்க்கிறபடி திருப்பி வைத்தார்கள். போகிற வழியில் எங்கேயாவது துகள் தட்டுப்பட்டால் சொல்லும் அல்லவா. கயத்தாறு வரைக்கும் 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்ததாம். ஒரு இடத்தில்கூடத் தப்பு விடவில்லை என்கிறார்கள்.