பழைய கெர்னலும் நாலு மணிக் கூட்டமும்

"மூணு தடவை சொல்லியாச்சு சிஸ்டர். இந்தக் கழுதை கேட்கமாட்டேங்குது," என்றாள் எமல்டா.

சிஸ்டர் ஜோவிட்டா தலை நிமிரவில்லை. அணைத்து வைத்த சர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, விசிறியில் அப்பியிருந்த தூசியைப் பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றால் தட்டிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இந்த மிஷின்கிட்டதான். பின்னே, வாசல்ல நிக்கிற வேப்பமரத்துக்கிட்டயா சொல்லுவேன்?"

சிஸ்டர் பிரஷை ஜன்னலுக்கு வெளியே உதறினார். அவ்வளவுதான் பதில்.

எமல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. சிஸ்டருக்கு முப்பத்தொன்று. பிள்ளைகள் இரண்டையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் சென்டரில் மீசை முளைக்காத பையன்களோடு உட்கார்ந்து படித்துத் தேறி, இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சர்வர் பார்க்கிற வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கற்றுக்கொடுப்பவர் சிஸ்டர். கற்றுக்கொடுப்பது என்று பேர். கேட்ட கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வியைக் கையில் கொடுப்பதுதான் கற்றுக்கொடுப்பது என்றால், எமல்டாவின் கணவர்கூடப் பெரிய வாத்தியார்தான்.

விஷயம் இதுதான்.

சர்வருக்குள் இரண்டு கெர்னல் இருந்தன. மிஷின் விழித்ததும் முதல் ஆளாக எழுந்து உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் நடத்துவது கெர்னல். லேபுக்குப் புதிதாக வந்திருந்த ரத்தப் பரிசோதனை மிஷினைப் பழைய கெர்னலுக்கு அடையாளம் தெரியாது. புதியதற்குத் தெரியும். அதற்காகத்தான் புதியதைப் போட்டார்கள்.

ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் சர்வர் பழையதில்தான் எழுந்தது.

அப்புறம் லேப் ஊமை. ரிசல்ட்டையெல்லாம் பேனாவால் எழுதுவார்கள். போன வாரம் ஒரு கர்ப்பிணியின் ரத்த அளவு எட்டு என்று எழுதியது மூன்று மாதிரி விழுந்து, ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஆஸ்பத்திரியே அலைந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்ததால் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியை நடத்துகிற மதர் சொன்னார். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவரே வந்து நிற்பார். அவர் கண் முன்னால் சர்வர் புதிய கெர்னலில் எழ வேண்டும். எழாவிட்டால் சர்வரை வெளி ஆள் பார்த்துக்கொள்ளட்டும், எமல்டா சீட்டு கவுண்டருக்குப் போகட்டும்.

சீட்டுக் கிழிப்பதற்காகவா அவள் படித்தாள்?

இன்று வியாழக்கிழமை. மணி மூன்றே முக்கால்.

"எதுல எழணும்னு ஃபைல்ல தெளிவா எழுதியிருக்கேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கான்வென்ட்ல எனக்கு டிக்டேஷன்ல நூத்துக்கு நூறு," என்றாள்.

சிஸ்டர் தகட்டை மூடித் திருகினார். சுவிட்சைக் காட்டினார்.

"முதல் பத்து செகண்ட் மட்டும் பாருங்க."

எமல்டா சுவிட்சைப் போட்டாள். திரை கறுத்தது. ஒரு பட்டியல் வந்தது. பழைய கெர்னல் மேலே, புதியது கீழே. வெளிச்சப் பட்டை பழையதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஐந்து எண்ணுவதற்குள் மிஷின் அதையே எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டது.

"இந்தப் பட்டியல் யார் எழுதினது?"

"நான்தான். என் ஃபைல்ல புதுசுதான் முதல்ல இருக்கு."

"இது உங்க ஃபைலா?"

எமல்டா ஃபைலைத் திறந்து காட்டினாள். புதியது முதலில் இருந்தது. கோணலில்லாமல், பளிச்சென்று.

"பாத்தீங்களா? தப்பு என் பேர்ல இல்லை."

சிஸ்டர் ஃபைலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு பிரஷின் மயிரை விரலால் நீவிவிட ஆரம்பித்தார்.

எமல்டா பொரிந்து தள்ளினாள். முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போன மனிதர் ஏதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றாள். கரண்ட் ஆபீஸ்காரர்கள் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துப் பிடுங்குகிறார்கள் என்றாள். வீட்டில் சொன்னதைக் கேட்கிற ஆள் இல்லை, இங்கே சொன்னதைக் கேட்கிற மிஷின் இல்லை, வாசலில் சொன்னதைக் கேட்கிற ஜனம் இல்லை என்றாள்.

கடைசியில் சொன்னது நாலு மணிக் கூட்டத்தை.

ஜனவரியில் நோயாளிகளைப் பார்க்கிற நேரம் மாறிவிட்டது. டாக்டர் ரவுண்ட்ஸ் நாலிலிருந்து ஐந்து. பார்வையாளர்கள் ஐந்திலிருந்து ஏழு. அந்த சர்குலரை எழுதியதே எமல்டாதான். நர்ஸுகள் அறையில், லேபில், மருந்துக் கவுண்டரில், மெஸ்ஸில், சேப்பல் கதவில்கூட ஒட்டினாள். காலை ஜெபத்தில் மூன்று நாள் வாசிக்கச் செய்தாள். ஆஸ்பத்திரிப் பூனைக்குக்கூடத் தெரியும்.

ஆனாலும் தினம் நாலு மணிக்குத் தூக்குவாளியும் ஃபிளாஸ்க்குமாக ஒரு கூட்டம் வந்து நிற்கும். நாலிலிருந்து ஐந்து வரை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அவர்களை விரட்டுவதும் எமல்டாவின் வேலை. அதை அவள் குறையில்லாமல் செய்தாள்.

சேப்பல் மணி நாலு அடித்தது.

"இன்னைக்கு மேசைக்குப் போகாதீங்க எமல்டாக்கா. மெயின் கேட்டுக்கு வெளிய போய்ட்டு உள்ள வாங்க," என்றார் சிஸ்டர்.

"எதுக்கு? அஞ்சு மணிக்கு மதர் வந்து நிப்பாங்க."

"பஸ்ஸ விட்டு எறங்கி வர்றவங்க எப்படி வருவாங்களோ, அப்படி வாங்க."

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு எமல்டா நடந்தாள். மெயின் கேட் பக்கம் அவள் வந்து மாதக்கணக்காகிறது. ஸ்கூட்டரைப் பின் வாசலில் நிறுத்துகிறவளுக்கு இங்கே என்ன வேலை?

வெளியே இளநீர் வண்டி. வெயில். மதில் ஓரமாக ஏழெட்டுப் பேர்.

அவர்களில் ஒருவர் அவளைப் பார்த்ததும் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சடையாண்டி. இடுப்பு ஆபரேஷன் ஆன பேச்சியம்மாளின் வீட்டுக்காரர். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் இவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சோற்றையாவது உள்ளே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, ரூல் என்றால் ரூல் என்றாள்.

"நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். அஞ்சு மணிக்கு மேலதான்னு. காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா."

"பின்னே?"

சடையாண்டி கேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏதோ கோவத்துல சொல்றீகன்னு நெனச்சேன். போர்டுல நாலுன்னுதான போட்டிருக்கு."

"எந்த போர்டுல?"

அவர் துண்டைப் பிடித்த கையாலேயே காட்டினார்.

கேட்டுக்கு மேலே, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஆள் உயரத் தகரம். நீல பெயின்ட். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண். மாலை 4 முதல் 6 வரை.

எமல்டா அதை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"எனக்கு அஞ்சு பத்துக்கு பஸ்ஸும்மா," என்றார் சடையாண்டி. "அத விட்டா ராத்திரி ஒம்பதுக்குத்தான். வீட்ல ரெண்டு எருமை கெடக்கு, கறக்க ஆளில்ல. நாலுன்னா எனக்குத் தோதாப் போச்சேன்னு வந்தேன்."

"நேத்துக் கொண்டுவந்த சாப்பாடு?"

"பஸ்டாண்டு நாய்க்குப் போட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னார்.

எமல்டா வாட்ச்மேன் மிக்கேல் பக்கம் திரும்பினாள். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. நேரம் மாறியது தெரியாதா என்று அவனைக் கேட்டாள். அரசல்புரசலாகக் காதில் விழுந்தது என்றான்.

"விழுந்தா, வர்றவங்ககிட்ட சொல்ல வேண்டாமா?"

"உள்ள நீங்க ஆயிரம் பேசிக்குவீங்க மேடம். வெளிய இருந்து வர்றவங்களுக்கு நான் இந்த போர்டத்தான் காட்டணும். இதுல மாத்துன்னு எங்கிட்ட யாரு வந்து சொன்னா?"



எமல்டா சடையாண்டியின் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வார்டு வாசலில் டாக்டர் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். தப்பு ஆஸ்பத்திரி பேரில் டாக்டர், இவருக்கு அஞ்சு பத்துக்கு பஸ், என்று சொல்லிவிட்டு எமல்டா நிற்காமல் போனாள். பேச்சியம்மாள் கட்டிலருகே தூக்குவாளியை வைத்தாள். பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக வராத மனுஷன்.

"அவர் வந்தார்," என்றாள் எமல்டா. "தினம் வந்தார். நான்தான் விடலை."

அவள் சர்வர் அறைக்குத் திரும்பியபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

சிஸ்டர் அதே இடத்தில் இருந்தார். பிரஷ் இப்போது கீபோர்டின் இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நான் எழுதி வெச்ச ஃபைலை, மிஷின் முழிக்கிறப்ப யாருமே படிக்கிறதில்லை. அப்படித்தானே?"

சிஸ்டர் பிரஷை நிறுத்தினார்.

"அந்த முதல் பட்டியல் தனி. இதுல இருக்கறதை எடுத்து அதுல எழுதுன்னு யாராவது சொல்லணும்," என்றாள் எமல்டா.

"ஆமாக்கா."

"அதுக்குக் கட்டளை இருக்கா?"

"இருக்கு. ஒரு வரி."

"ரெண்டு வாரமா அதை ஏன் சொல்லலை?"

"ரெண்டு வாரமா நீங்க புகார்தான் சொன்னீங்க. கேள்வி இப்பதான் கேட்டீங்க."

மற்ற நாளாக இருந்தால் எமல்டா இதற்கு நல்ல பதிலாகக் கொடுத்திருப்பாள். இன்று நேரமில்லை. சிஸ்டர் எழுதிக் காட்டிய வரியை நின்றபடியே அடித்தாள். சர்வரை அணைத்தாள். மறுபடி போட்டாள்.

திரை கறுத்தது.

வராந்தாவில் மதரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

எமல்டா கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எங்க போறீங்க? புதுசுல எழுந்திருக்குதா இல்லையான்னு பார்க்கலையா?"

"அது எழும்," என்றாள் எமல்டா. கையை நீட்டினாள். "அந்த பிரஷைக் குடுங்க சிஸ்டர். கேட்டு போர்டு இன்னும் பழசுலதான் இருக்கு."