மன்னர் நடந்து வாங்கிய அதிரசம்

வெகு காலத்துக்கு முன்னே, இப்போது பெயர்கூட நினைவில்லாத ஒரு நாட்டைச் செம்பியவர்மன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவனுடைய ஒரே மகள் செங்கமலம், எட்டு வயதுக் குழந்தை. அவள் கேட்குமுன்பே அதிரசமும் லட்டுவும் வந்து நிற்கும். கால் நோகுமென்று எங்கும் பல்லக்கிலேயே தூக்கிப்போவார்கள். நாளடைவில் உடல் பருத்து, நாலு படி ஏறினாலே மூச்சிரைத்தது. கூட விளையாட வந்த பிள்ளைகள் ஓடிவிட, அவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மன்னனுக்கு மனம் தாங்கவில்லை. விகடகவி கூத்தபிரானை அழைத்தான்.

"மூன்று மாதத்தில் என் மகள் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட வேண்டும்!"

கூத்தபிரான்மேல் பொறாமை கொண்ட மடைப்பள்ளித் தலைவர் மாறநம்பி எழுந்தார். "அரசே, இளவரசி கேட்ட பலகாரத்தை மறுக்கக் கூடாது. நட, ஓடு என்று அவரை ஏவவும் கூடாது. தவறினால் விகடகவி நாட்டை விட்டே போகட்டும்."

மகள் முகம் வாடப் பொறுக்காத மன்னன் தலையசைத்தான்.

கூத்தபிரான் சற்று யோசித்துக் கேட்டான்: "இளவரசியை ஏவ மாட்டேன். அரசரை ஏவலாமா?"

"என்னையா? சரி, ஏவு!"

"நந்தவனத்துக்கு அப்பால் இருக்கும் மடைப்பள்ளிக்குத் தாங்களே நடந்துபோய், ஒரு தடவைக்கு ஒரு பலகாரமாக எடுத்துவந்து தர வேண்டும்."

மறுநாள் மன்னன் தொந்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"அப்பா, நானும் வரேன்!" என்று குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

தந்தையோடு தனியாக நடப்பது அவளுக்குப் புதுசு. குளத்தில் மீன் பார்த்தார்கள், கொய்யா பறித்துத் தின்றார்கள். சில நாள் எதற்குப் புறப்பட்டோம் என்பதே இருவருக்கும் மறந்துபோனது.

மூன்று மாதம் முடிந்த அன்று, பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு செங்கமலம் அரண்மனைப் படிகளில் ஓடி ஏறினாள்.

"ஆணையை மீறிவிட்டான்! இளவரசியை நடக்க வைத்துவிட்டான்!" என்று மாறநம்பி கத்தினார்.

"என்னை யாரும் நடக்கச் சொல்லல. எங்க அப்பாகூட நானாத்தான் போனேன்" என்றாள் குழந்தை.

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். குலுங்க முன்போல் வயிறு இல்லை. சிரித்த சிரிப்பில் இடைக்கச்சைதான் நழுவியது! அதை ஒரு கையால் பிடித்தபடி இறங்கிவந்து, முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டான்.

"இது உன் புத்திக்கு. என் மகளோடு நடந்த இந்த மூன்று மாதத்துக்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாதப்பா" என்றான்.

கூத்தபிரான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "அப்பா, என்னைப் பிடிங்க!" என்று மேலிருந்து சத்தம் கேட்டது. மன்னன் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான்.