மணைக்கு முன்னால் பால்சுறா

முன்னொரு காலத்தில், கடலை ஒருமுறைகூடக் கண்ணால் பாராத ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய நாட்டுக்குக் கடல் இல்லாமல் இல்லை. ஒரு நாள் பயணம் போனால் அலைச் சத்தம் கேட்டுவிடும். ஆனால் அவருக்குப் பல்லக்கில் ஏறினால் தலை சுற்றும். கடல் என்பது கொஞ்சம் பெரிய குளம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

அவர் சபையில் விகடம் சொல்லும் சாத்தையன் கடற்கரைக்காரன். கடைசியாக ஊருக்குப் போனபோது மனைவி பேச்சாயி முழுகாமல் இருந்தாள். அதன் பிறகு விடுப்புக் கேட்டுக் கேட்டு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். அவன் சிரிக்க வைக்காவிட்டால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. ஆகவே "நாளை பார்க்கலாம்" என்பார். அந்த நாளை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள்.

ஒரு நாள் உப்பு வண்டிக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். பேச்சாயிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பால்தான் சரியாகச் சுரக்கவில்லை; பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுத்துச் சமாளிக்கிறாள். அந்தக் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு கொடுப்பார்கள். முதல் சுறாவைப் புருஷன்தான் பிடித்து வர வேண்டும். கொழுந்தன்மார் கொண்டுவந்த சுறாவைப் பேச்சாயி தொடவில்லையாம். அவர் வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

அன்று சபையில் சாத்தையனுக்கு விகடம் வரவில்லை. என்ன யோசனை என்று ராஜா கேட்டார். சுறா யோசனை என்றான். சுறாவில் தின்ன நல்லது எது என்று அவர் பொழுதுபோக்காகக் கேட்க, அவன் ஊர் நினைப்பிலேயே பேச ஆரம்பித்தான். கொம்பன் சுறா கருவாட்டுக்கு ஆகும், குழம்பில் போட்டால் மெல்ல வேண்டியிருக்கும். பெரிய புலிச்சுறாவை எத்தனை தண்ணீரில் கழுவினாலும் வீச்சம் போகாது. கை நீளப் பால்சுறா இருக்கிறதே, அதுதான் பதம். அவித்து, மணல் மாதிரி நறநறக்கும் தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் மிளகும் போட்டு வதக்கினால் தெருவே மணக்கும். சொல்லிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராஜா எச்சில் விழுங்கினார். அப்போதே பால்சுறா வேண்டும் என்றார்.

மடைப்பள்ளி அதிகாரி அம்பலவாணருக்குச் சாத்தையனைக் கண்டாலே ஆகாது. அவர் வைத்த ரசத்தைப் பற்றி அவன் சொன்ன விகடத்தை ஊரே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. சுறா காலையில் கரையேறினால் மாலைக்குள் நாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கைகூப்பி முன்னால் வந்தார்.

"அரசே, புகழ்ந்தவரே அதை வரவழைக்கட்டும். நாற்றம் சிறிதும் இன்றி, தங்கள் மணைக்கு முன்னால் பால்சுறா வந்து சேர வேண்டும். தங்களைப் பிரிந்து அவர் கோட்டையைத் தாண்டக் கூடாது. தவறினால், இனி ஆயுள் முழுவதும் ஊருக்குப் போகும் பேச்சையே எடுக்கக் கூடாது."

ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சுறா வந்தாலும் லாபம், வராவிட்டாலும் லாபம். முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சாத்தையனிடம் கொடுத்து, அப்படியே ஆகட்டும், வேண்டிய ஆட்களை ஏவிக்கொள் என்றார்.

மறுநாள் சாப்பிட வந்த ராஜா அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பலாமர மணைப் பலகையைக் காணோம். அந்த வம்சத்தில் முடிசூடியவர் அந்த மணையில் உட்காராமல் ஒரு பருக்கை சோறு உண்டது கிடையாது. பாலும் பழமும் வேண்டுமானால் நின்றுகொண்டே சாப்பிடலாம்.

"அரசே, மணைக்கு முன்னால் சுறா வர வேண்டும் என்பது கட்டளை" என்றான் சாத்தையன். "சுறா பயணம் செய்தால் நாறும். மணை நாறாது. அதனால் மணையைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டேன்."

அம்பலவாணர் குதிரைவீரனை அனுப்பச் சொன்னார். போய் எடுத்து வருகிற நேரத்தில் நாமே போய்விடலாமே என்றான் சாத்தையன். ராஜாவுக்குக் கோபம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம், சுறா நினைப்பு இன்னொரு பக்கம். கடைசியில் பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார். அம்பலவாணரும் பின்னால் வர, வழி நெடுக வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு சாத்தையனைத் திட்டிக்கொண்டே போனார்.

விடியும்போது கடல் தெரிந்தது. ராஜா திட்டுவதை நிறுத்திவிட்டுப் பல்லக்கிலிருந்து இறங்கினார். ஈர மணலில் கால் புதைய வெகுநேரம் நின்றார்.

"இதை விட்டுவிட்டா இத்தனை நாளும் என் சபையில் உட்கார்ந்திருந்தாய்?" என்று மெல்லக் கேட்டார்.

சாத்தையனின் காது தன் குடிசைப் பக்கமே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் வெறுங்கையோடு பிள்ளை முகம் பார்க்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"வந்துட்டியளா?" என்று உள்ளேயிருந்து பேச்சாயியின் குரல் கேட்டது.

"வந்துட்டேன் புள்ள."

"கையில என்ன?"

"இன்னும் ஒண்ணுமில்ல. கடலுக்குப் போயிட்டு வாறேன்."

ராஜா பார்த்துக்கொண்டிருக்கக் கட்டுமரத்தைத் தள்ளினான். வெயில் ஏறும் வரை தூண்டிலோடு மல்லுக்கு நின்றதில் கொம்பன் சுறா ஒன்று விழுந்தது. வெகுநேரம் கழித்துப் பால்சுறாவும் விழுந்தது, ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி புட்டு வதக்கினாள். அவன் சொன்ன மாதிரியே தெரு மணத்தது. புன்னை மர நிழலில் மணையைப் போட்டு இலை விரித்தார்கள். ராஜா கை கழுவிக்கொண்டு வருவதற்குள், சாத்தையன் குடிசைக்குள் போய்ப் பிள்ளையும் கையுமாகப் பேச்சாயியை அழைத்து வந்து, அந்த மணையில் உட்கார வைத்து, இலையில் புட்டு முழுவதையும் கொட்டினான்.

அம்பலவாணர் வாளை உருவாத குறைதான். பிள்ளை பெற்ற தீட்டுக்காரி அரச மணையில் உட்கார்ந்துவிட்டாள், இது ராஜத் துரோகம் என்றார். ராஜாவின் முகம் சிவந்தது. பேச்சாயி எழுந்திருக்கப் பார்த்தாள். சாத்தையன் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அரசே, மணைக்கு முன்னால் பால்சுறா வந்துவிட்டது. நாற்றமும் இல்லை. தங்களைப் பிரிந்து நான் கோட்டையைத் தாண்டவும் இல்லை. மணையில் யார் உட்கார வேண்டும் என்பது கட்டளையில் இல்லை" என்றான். பிறகு குரல் இறங்கியது. "விகடம் இவ்வளவுதான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுறா ஒன்றுதான் கிடைத்தது. இவளோ பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்காகக் காத்திருக்கிறாள்."

குழந்தை பசித்து அழுதது. ராஜா அதைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், தன் ஒட்டிய வயிற்றையும் பார்த்தார்.

"சாப்பிடு அம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மணையைக் கடத்தி, ராஜாவையும் கடத்தி, கடைசியில் மணம் மட்டும் காட்டினானே என்று வயிறு வலிக்கச் சிரித்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தீட்டுப்பட்ட மணையில் இனி உட்கார முடியாது. பசியோ காதை அடைத்தது. அந்த வம்சத்திலேயே முதல் ஆளாக அவர் மணலில் சம்மணம் போட்டுக் கொம்பன் சுறாக் குழம்பும் சோறும் சாப்பிட்டார். தாடை வலித்தது, ஆனாலும் மறுசோறு கேட்டார். அம்பலவாணருக்கு வால் துண்டு கிடைத்தது.

மோதிரம் உனக்கே, இன்னும் என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். விடுப்பு என்றான் சாத்தையன். எத்தனை நாள் என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் பேச்சாயி முந்திக்கொண்டாள்.

"பிள்ளைக்கு அப்பன் மொகம் தெரியுற வரைக்கும், மகாராசா."

ராஜா மறுபடி சிரித்தார், ஆனால் இந்த முறை சத்தமில்லாமல். அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார். திரை மறைகிற வரை சாத்தையனையே பார்த்துக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் சாத்தையன் மகளைக் கையில் வாங்கினான். யாரோ எவரோ என்று அது வீறிட்டு அழுதது. கண்ணை உருட்டினான், கன்னத்தை உப்பினான், சபையையே உருள வைத்த சேட்டை எல்லாம் செய்து பார்த்தான். அழுகை கூடியது. பேச்சாயி இலையைத் துடைத்துச் சாப்பிட்டபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க" என்றாள். "மெதுவாத் தெரியட்டும்."