நிழல் பக்கத்து ஜன்னல்

"மூணு மாசமா எடுக்கறேம்மா. ஒரு படத்துலகூட அவன் மூஞ்சி விழலை. ஏன்?"

திருமேனி இப்படிக் கேட்டது யாரை என்கிறீர்கள்? ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் நித்யகலாவை. அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவருக்கு ஐம்பத்தாறு.

அவள் கையிலிருந்த பச்சைக் கொடியைப் பிரித்தாள். ஒரு உதறு உதறினாள். திரும்பச் சுருட்டினாள்.

"யாரு மூஞ்சிங்க சார்?"

"என் பையன் மூஞ்சி."

திருமேனிக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ரயில்.

மத்தியானம் ஒரு மணி ஆனால் போதும். ஒரு தோளில் சோற்றுப் பை, மறு தோளில் கேமரா. ஸ்கூட்டரில் ஆறு நிமிஷம். வடக்குப் பக்கம் இருக்கும் கேட் ரூம் நிழலில் நின்றபடியே எலுமிச்சம் சோறு. அப்புறம் தண்டவாளத்தைத் தாண்டித் தெற்குப் பக்கம் போவார். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்பார். ஒன்று இருபதுக்கு மேற்கே போகிற எக்ஸ்பிரஸ் வரும். எடுப்பார். போவார்.

வெயில் முதுகில் இருக்க வேண்டும். ரயிலைப் படம் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

மகன் சிபியும் ஒரு காலத்தில் இவர் தோளில் உட்கார்ந்து ரயில் பார்த்தவன்தான். வளர்ந்தான். படித்தான். ஒருநாள் ரயில் இன்ஜினில் துணை டிரைவர் வேலைக்கு ஆர்டரோடு வந்து நின்றான்.

அன்றைக்கு அவர் வாயில் வந்தது இது:

"ரயிலைப் பார்க்கத்தானேடா கூட்டிட்டுப் போனேன்? ஓட்டச் சொன்னனா?"

அதோடு சரி. அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை எக்ஸ்பிரஸில் அவன் வருகிறான் என்பதே ஐப்பசியில்தான் இவருக்குத் தெரிந்தது. இப்போது தை.

"கண்ணாடியில வெயில் பட்டு வெளுத்துப் போகுதும்மா. ஃபில்டரை மாத்துங்கறான் ஒருத்தன். லென்ஸை மாத்துங்கறான் இன்னொருத்தன். எல்லாம் மாத்திட்டேன். அப்பவும் வெள்ளையா ஒரு திட்டு. அந்தத் திட்டுதான் எம் பையன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை பாருங்களேன்."

"அடுத்த வெள்ளியே இல்லை. இன்னிக்கோட சரி. திங்கட்கிழமை அவன் வேற டிவிஷனுக்குப் போறான். இங்கிருந்து ஒரு ராத்திரி பூரா போகணும், அவ்வளவு தூரம்."

நித்யகலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வர்றவருங்களா? நெடுநெடுன்னு இருப்பாரே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் இளைச்சுப் போயிருந்தாருங்க. காய்ச்சலோ என்னமோ. இப்பத் தேவலை."

திருமேனியின் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

"நான் இத்தனை பெரிய லென்ஸ் வெச்சுப் பார்க்கறேன். எனக்குத் தெரியலை. நீ எப்படிப் பார்த்தே?"

"கேட்டைத் தாண்டுறப்போ தலையை வெளிய நீட்டி எனக்குக் கை காட்டோணும். நான் பச்சை காட்டோணும். எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தமுங்க. அது இல்லாம எந்த வண்டியும் போகாது."

"அப்படி நீட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லையே. எந்தப் பக்கம்?"

அவள் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர். அவர் சொன்ன நம்பரை நோட்டில் எழுதினாள். வெளியே வந்து கேட்டை இறக்கும் பிடியைச் சுற்றத் தொடங்கினாள்.

திருமேனிக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இரும்மா, இரு! நான் அந்தப் பக்கம் போயிக்கறேன்!"

கேட் இறங்கிவிட்டது. பூட்டினாள்.

"இனி யாரும் தாண்டக் கூடாதுங்க சார்."

"ஒரே ஓட்டமா ஓடிருவேன்!"

"ரூல்ஸுங்க."

"தினமும் எனக்கு ஒரு குரல் குடுப்பியே. இன்னிக்கு வேணும்னே கூப்பிடலை."

"ஆமாங்க."

கேட்டுக்கு வெளியே பைக்கில் காத்திருந்தவன் சிரித்தான். "பெரியவரே, தினம் பார்க்கற ரயில்தானே? இன்னிக்கு மட்டும் என்ன, ரயில்ல பொண்ணு வருதா?"

திருமேனி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிற குரலில் இவளிடம் சொன்னார்:

"இந்தப் பக்கம் நிழலும்மா. இங்கிருந்து எடுத்தா இன்ஜினே கரிக்கட்டையாத்தான் விழும். அவன் மூஞ்சி எங்க தெரியும்?"

"கரிக்கட்டையாவே விழுமுங்களா?"

"சுத்தமா."

"அப்படீங்களா," என்றாள் நித்யகலா. கேட் ரூம் வாசலில் தான் எப்போதும் நிற்கிற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

தண்டவாளம் முணுமுணுத்தது.

திருமேனி வந்து நின்றார். பழக்கம் விடுமா? கேமராவைக் கண்ணில் வைத்தார். அவர் சொன்னது சரிதான். வெளிச்சத்துக்கு எதிரே இன்ஜின் மொத்தையாக, கறுப்பாக வந்தது.

வளைவுக்காக வண்டி வேகத்தைக் குறைத்தது. இந்தப் பக்கத்து ஜன்னலில் கறுப்பாக ஒரு தலை வெளியே நீண்டது. கறுப்பாக ஒரு கை.

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

நித்யகலா பச்சைக் கொடியை விரித்துக் காட்டினாள்.

கொடியைக் கண்டதும் அந்தக் கை உள்ளே போய்விட வேண்டும். போகவில்லை. இன்ஜின் கேட்டைத் தாண்டியது. தலை பின்பக்கமாகத் திரும்பியது. கை அப்படியே நின்றது.

இங்கே நிழலில் இன்னொரு கையும் நின்றது.

இருபத்திரண்டு பெட்டியும் கடந்து போயின. அவள் கேட்டைத் தூக்கினாள். பைக்காரன் ஹாரன் அடித்தான். "வழியை விடுங்க சார்!"

திருமேனி நகரவில்லை.

"படம் விழுந்துச்சுங்களா சார்?" என்று கேட்டாள் நித்யகலா.

"மீசையை எடுத்துட்டாம்மா," என்றார் அவர். "அப்படியே அவங்கம்மா."