கொக்கிக்குக் கீழே

"எங்க உடைக்கிறது, மேடம்?"

கேட்டவர் கனகசபாபதி. பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளெல்லாம் புதிதாகவே கட்டியவருக்கு, பழையதைப் பேணக் கற்க வேண்டும் என்று கடைசியில் ஓர் ஆசை வந்தது. ஜுலைகாவிடம் வந்து சேர்ந்தார்.

ஜுலைகாவுக்கு அவர் மகளின் வயது. பாழடைந்த கட்டடங்களைச் சீராக்கி, மறுபடி ஆள் புழங்கச் செய்வது அவள் தொழில்.

சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பாள். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்பது எதிர் டீக்கடைக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மண்ணடியில் ஒரு மாடிக் கட்டடத்தை அவள் அவர் பொறுப்பில் விட்டிருந்தாள். முதலில் அது ஒரு வணிகரின் வீடு. பிறகு வெகுகாலம் அச்சகம். பிறகு புறாக்கள்.

இப்போது ஓர் அறக்கட்டளை அதைக் கேட்டிருந்தது. பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுக்க. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆகவே பயிற்சி மாடியில்தான். மாடிக்கு லிஃப்ட் வேண்டும்.

லிஃப்டுக்கு இடமில்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்வோம் என்று அறக்கட்டளைச் செயலாளர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். ஏற முடியாதவங்களுக்குப் படிக்கட்டைக் காட்டுறீங்களே சார் என்று போகிறபோக்கில் சிரித்துவிட்டும் போனார்.

கனகசபாபதி சிரிக்கவில்லை. இருபுறமும் பின்னாலும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நின்றன. முன்னால் தெரு. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிஃப்டை எங்கே வைத்தாலும் எதையோ கொல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான் ஜுலைகாவைக் கூப்பிட்டார்.

முதலில் முற்றத்தைக் காட்டினார். வானம் பார்த்த முற்றம். இங்கே வைத்துவிடலாமா என்று கேட்டார்.

அவள் துப்பட்டாவின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே தெருவில் ஓர் இலை அசையவில்லை. துப்பட்டா அசைந்தது.

அவர் படிக்கட்டுப் பக்கம் போனார். இதை எடுத்துவிட்டால் என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். தேக்குப் படிகள். ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. யாரும் சொல்லாமலே அவள் கால் அந்தக் குழிகளில் போய்ப் பதிந்தது. பின்னால் ஏறிய அவர் காலும் அப்படியே.

மேலே வந்ததும் அவர் படிக்கட்டை எடுக்கிற பேச்சை விட்டுவிட்டார்.

மாடியில் நீளமான கூடம். அதன் நடுவே அச்சகக்காரர்கள் ஒரு கட்டில் அளவுக்குத் தரையை வெட்டி, நாலு பக்கமும் இரும்பு உத்தரம் கொடுத்து ஓர் ஓட்டை வைத்திருந்தார்கள். கூரையிலிருந்த கொக்கியில் கயிறு மாட்டி, கீழே வண்டியில் வரும் காகிதக் கட்டுகளை அந்த வழியாக மேலே இழுப்பார்களாம்.

இந்தக் கட்டடத்தில் கனகசபாபதி முதலில் கண்டது அந்த ஓட்டையைத்தான். காயம் என்று அதற்குப் பெயர் வைத்தார். வணிகர் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்று தேக்குக் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லை நிறுத்தி அடுக்கி, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்பால் மூடினார். கை வைத்துத் தடவினாலும் தெரியாது. கொக்கி மட்டும் பிடுங்க வரவில்லை.

மூடிய அன்று ஜுலைகா வந்து அந்தக் கொக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். எப்படி இருக்கு மேடம் என்று கேட்டார். அழகா இருக்கு சார் என்றாள். அந்தச் சொல்லை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொன்னார். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னார்.

அறக்கட்டளை அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது ஜுலைகா நேராகப் போய், கொக்கிக்குக் கீழே, அவர் போட்ட தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

டீ சொல்லுங்க சார் என்றாள்.

டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல மேடம். முற்றத்தத் தொடக்கூடாது. படியத் தொடக்கூடாது. நடக்க முடியாதவங்க மேல எப்படித்தான் வருவாங்க?"

அவள் கிளாஸைத் தரையில் வைத்தாள்.

"காகிதம் எப்படி சார் வந்துச்சு? அதுக்கும் கால் இல்லையே."

கீழே தெருவில் யாரோ ஒரு ஷட்டரை இழுத்துத் திறந்தார்கள். சத்தம் அடங்க நேரமாயிற்று.

கனகசபாபதி கொக்கியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அழகான வேலை அது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே." கோபமா, வருத்தமா, அவருக்கே தெரியவில்லை.

"அன்னைக்கு எப்படி இருக்குன்னுதான கேட்டீங்க."

"அதக் காயம்னு நெனச்சேன்."



அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இதுல எதுதான் மேடம் கட்டடம்? அந்த வியாபாரி கட்டினதா, அச்சகம் வெட்டினதா, நான் மூடினதா?"

ஜுலைகா கிளாஸை எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

தரையில் கிளாஸ் வைத்த ஈரம் வட்டமாக இருந்தது.

கனகசபாபதி மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து வந்து, அந்த வட்டத்தின் நடுவில் ஊன்றினார்.