செட் ஆகாது என் பங்கு

முட்டாள்கள் கதை சொல்லுகிறவர்கள் முட்டாள்களை எங்கிருந்தாவது தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. மூத்தவன் சடையப்பன், நடுவுள்ளவன் ஆதிமூலம், கடைக்குட்டி நான், கடற்கரை. கோணமங்கலத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, குடைக்காரங்க வீடா?" என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார்கள்.

அது எங்கள் அப்பா வாங்கித் தந்த பெயர். கண்ணை மூடுவதற்கு முன்னால் மூன்று பேரையும் கூப்பிட்டு, "எது கிடைச்சாலும் மூணு பேரும் பங்கு போட்டுக்கிடுங்கடே. ஒருத்தன் பங்கை இன்னொருத்தன் தொடப்படாது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடை. காம்பு அண்ணனுக்கு, கம்பிகள் ஆதிமூலத்துக்கு, துணி எனக்கு. மழை பெய்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் வெளியே போவோம். நனையாமல் காப்பது துணிதான், அது கடற்கரையின் சொத்து என்று சொல்லி, ஆதிமூலம் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு நனைந்தபடியே வருவான். அவ்வளவு நேர்மையான ஆள்.

அண்ணன்மார் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், அது பெண் வீட்டார் விசாரிக்காமல் செய்த தப்பு. என் முறை வருவதற்குள் எங்கள் புகழ் நாலு ஊருக்குப் பரவிவிட்டது. பதினோரு பெண் வீட்டார் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு முப்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவதாக வந்த வரன்தான் அமராவதி, பக்கத்து ஊரில் டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி பெண்ணே கிடையாது என்று தரகர் சொரிமுத்து அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஆனா ஒண்ணு. மாப்பிள்ளைக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தையாவது வாயில வரணுமாம்" என்றார்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாலா! மூணு பேருக்கு நாலை எப்படி அண்ணாச்சி பங்கு வைக்க?"

அண்ணாச்சி நல்ல மனுஷர். "அப்போ ஒண்ணு போதும்டே. செட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதுக்கு டிக்ஷனரியில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான். அது ஒண்ணை வச்சே பொழைச்சுக்கிடலாம்."

எது கிடைச்சாலும் என்றுதானே அப்பா சொன்னார்? வார்த்தை கிடைத்திருக்கிறது. அன்றைக்கே பங்கு போட உட்கார்ந்துவிட்டோம்.

சாமான்கள் எல்லாம் அண்ணனுக்கு: பம்ப் செட்டு, மைக் செட்டு, பல் செட்டு. ஆட்கள் எல்லாம் ஆதிமூலத்துக்கு: கூடப் படித்த செட்டு, சீட்டாடுகிற செட்டு, திருவிழாவுக்குச் சேர்ந்து போகிற செட்டு. செட் ஆகும், செட் ஆகாது இரண்டும் எனக்கு.

"இவனுக்கு மட்டும் ஆகும் ஒண்ணு, ஆகாது ஒண்ணுன்னு ரெண்டா?" என்று அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"உனக்கு எது வேணுமோ எடுத்துக்கிடு" என்றேன் பெருந்தன்மையாக.

அவன் 'ஆகும்' எடுத்துக்கொண்டான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எந்தச் சட்டையும் எனக்கு செட் ஆகாது, எந்தச் செருப்பும் செட் ஆகாது, போன எந்த வேலையும் செட் ஆனதில்லை. 'ஆகாது'தான் நான் அன்றாடம் புழங்குகிற சாமான்.

செட் தோசையில்தான் சிக்கல் வந்தது.

"தோசை சாமான்தானே? அது எனக்கு" என்றான் அண்ணன்.

"மூணு தோசை சேர்ந்து வருது. சேர்ந்து வந்தா அது கூட்டம். என் பங்கு" என்றான் ஆதிமூலம்.

"சாப்பிட்டா என் வயித்துக்கு ஆகாது. அதனால என் பங்கு" என்றேன் நான்.

பொழுது சாய்கிறவரை பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு தோசை என்று தீர்மானமாயிற்று. மறுநாள் ஓட்டலில் சர்வர் வந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் "செட் தோசை" என்றோம். பயந்துபோன மனுஷன் ஒன்பது தோசை கொண்டுவந்து வைத்துவிட்டான்.

பெண் பார்க்கப் போனோம். அமராவதி போட்டோவைவிட அழகு. அவள் அப்பா வண்டிமலையான், "பொண்ணும் மாப்பிள்ளையும் தனியா ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார்.

ரெண்டா! என் கைவசம் இருந்ததே ஒன்று, அதிலும் மூன்றில் ஒரு பங்கு.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றோம். "உங்க செட்டுல படிச்சவங்க எல்லாம் இப்போ என்ன பண்றாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஓடிப்போய் ஆதிமூலத்தைக் கூட்டி வந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "இவன் செட்டுல மூணு பேரு மாடு வச்சிருக்காங்க, ஒருத்தன் துபாயில இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வயல்ல பம்ப் செட்டு இருக்கா?"

நான் மறுபடி ஓடினேன். வாய் நிறைய மிக்சரோடு அண்ணன் வந்து, "இருக்கு, ஓடாது" என்றான்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நிதானமாக என்னைப் பார்த்து, "சரி, நீங்களாச் சொல்லுங்க. உங்களுக்கும் எனக்கும் செட் ஆகுமா?" என்றாள்.

அய்யோ, இதற்குத்தானே பிறந்ததிலிருந்து காத்திருந்தேன்! ஆனால் 'ஆகும்' என்னிடம் இல்லையே. பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே! என்னிடம் இருந்தது 'ஆகாது' ஒன்றுதான். அதைச் சொன்னால் கல்யாணம் போச்சு. மற்றதைச் சொன்னால் அப்பா பேச்சு போச்சு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே!" என்று அலறினேன்.

அண்ணன் ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டான். மிக்சரை விழுங்கிவிட்டு அமராவதியைப் பார்த்துக் கம்பீரமாக, "செட் ஆகும்" என்றான்.

"யாருக்கு?" என்றாள் அவள் திடுக்கிட்டு. நான் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன், குடையிலிருந்து. கேட்டு முடித்ததும் அவள் பெருமூச்சு விட்டாள். "கடவுளே! இது சத்தியமா செட் ஆ..."

"சொல்லாதீங்க!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "அது என் பங்கு! நான்தான் சொல்லணும். நான் சொல்லவே மாட்டேன்!"

அவள் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்து அவள் அப்பா ஓடிவருகிற அளவுக்குச் சிரித்தாள். "இந்த வீட்டுக்குப் போனா பொழுதுபோக்குக்குப் பஞ்சம் இருக்காதுப்பா" என்று அவரிடம் சொன்னாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அமராவதி எங்கள் பங்கை மதிக்கிற பெண். சண்டை வந்தால் தானாக எதுவும் சொல்ல மாட்டாள். அடுப்படியிலிருந்து, "ஏங்க, வந்து உங்க பங்கைச் சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள். நான் போய், "நமக்கு செட் ஆகாது" என்று சொல்லிவிட்டு வருவேன். கோபம் தணிந்ததும் அடுத்த வீட்டிலிருந்து அண்ணன் வந்து "செட் ஆகும்" என்பான். அதோடு சமாதானம்.

போன வாரம் அண்ணன் தென்காசிக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் சண்டை வந்துவிட்டது. என் பங்கைச் சொல்லிவிட்டேன். சமாதானம் ஆக வழியில்லை. நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் ஒரே பெஞ்சில், இடையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, வாய் பேசாமல் காத்திருந்தோம். அண்ணன் இறங்கினான்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லு!"

அண்ணன் விழித்தான். "என்கிட்ட இல்லையேடே. பயணத்துல எங்கேயாவது தொலைஞ்சிடப் போகுதுன்னு அதை ஆதிமூலத்துகிட்ட இல்ல குடுத்துட்டுப் போனேன்?"

"ஆதிமூலமா? உனக்குத் தேவைப்படுற ஏதோ ஒண்ணைக் குடுத்துட்டு வாரேன்னு இப்போதானே தென்காசி பஸ் ஏறினான்!"

அமராவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முறுக்கு எல்லாம் தரையில் சிதறியது.

"அப்போ சண்டை முடிஞ்சுதா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அதை நான் எப்படிச் சொல்றது? ஆதிமூலம் அத்தான் வரட்டும்" என்றாள்.

அண்ணன் அவசர அவசரமாக அடுத்த தென்காசி பஸ்ஸில் ஏறினான், ஆதிமூலத்தைக் கூட்டி வர.